இறங்கிய கோடு ஏறும்வரை

அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. ஆனாலும் நான் அவரை "டொக்டர்" என்பேன்; அவர் என்னை "அண்ணே" என்பார். அவர் மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். நான் யாழ்ப்பாணத்திலிருந்து, நாற்பது வயதில், ஒரு பெட்டியோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தவன். எண்பதுகளின் நடுவிலிருந்து ஏறக்குறைய எட்டு வருடங்கள், தென் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில் இருவரும் வேலை செய்தோம். அவர் ஆராய்ச்சி செய்தார். அவருடைய செம்மறிகளுக்கு நான் புல் போட்டேன், தண்ணீர் வைத்தேன், புழுக்கை அள்ளினேன்.

எல்லாம் சினைச் செம்மறிகள். வேல்ஸ் பக்கத்துப் பண்ணையொன்றிலிருந்து லொறியில் வரும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு அறுவை செய்து, கருப்பையின் சுவரில் மெல்லிய கம்பிகளைத் தைத்துவிடுவார்கள். கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கருவி. அந்தக் கம்பிகள் ஆட்டின் விலாவிலிருந்து வெளியே வந்து, சுவரில் இருந்த துளை வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஒரு பெரிய இயந்திரம் நாள் முழுக்கத் தாளை உருட்டிக்கொண்டேயிருக்கும். தாளின்மேல் மைப்பேனாக்கள் கோடு இழுக்கும். மேல்கோடு கருப்பைத் தசையின் வேலை. கீழ்க்கோடு இரத்த ஓட்டம்.

நான் அங்கே சேர்ந்த இரண்டாவது கிழமை, பேராசிரியர் அவரைக் கூப்பிடுவதாகச் சொல்லப் போனேன். அவர் இயந்திரத்துக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆம்பிளைகள் போடுகிற மண்ணிறக் கம்பளிச் சட்டை, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் தூக்கினார்.

"முடியட்டும்."

எது முடிய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நின்றேன். மேல்பேனா அடர்த்தியாகக் கிறுக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பிந்திக் கீழ்க்கோடு சரியத் தொடங்கியது. சரிந்து, அடியில் சிறிது நேரம் கிடந்து, பிறகு மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். அவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் நேரம் குறித்துவிட்டு எழுந்தார்.

"இப்ப சொல்லுங்க. யாரு கூப்பிட்டா?"

பேராசிரியர் அதற்குள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் அவரே எனக்கு விளக்கினார். சினையாக இருக்கும் செம்மறியின் கருப்பை சும்மா இருப்பதில்லை. பிரசவத்துக்கு எத்தனையோ கிழமைக்கு முன்பே அது இடைக்கிடை தானாக மெதுவாக இறுகும்; சில நிமிடம் இறுகி நின்று தளரும். அது பிரசவ வலி இல்லை. ஆட்டுக்கே அது தெரிவதாகத் தோன்றாது. அசை போட்டுக்கொண்டே நிற்கும். ஆனால் இரத்தக் குழாய்கள் அந்தத் தசைக்குள்ளால்தான் போகின்றன. தசை இறுகினால் குழாய் நெரிபடும், குட்டிக்குப் போகும் இரத்தம் குறையும். தளர்ந்தால் திரும்பிவரும். எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது, பிரசவம் நெருங்க நெருங்க அது எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

"தாள் தன்பாட்டிலை ஓடுதுதானே, டொக்டர். நீங்கள் ஏன் பக்கத்திலை இருக்கிறியள்?"

"பேனா கோடுதான் போடும், அண்ணே. ஆடு இருமுச்சா, எழுந்து நின்னுச்சா, யாராச்சும் கதவைத் திறந்தாங்களான்னு எழுதாது. இறங்குறதை யாரு வேணும்னாலும் பாக்கலாம். திரும்ப ஏறுதான்னு பாக்க வேணாமா?"

அதனால் அவருடைய தேநீர் எப்போதும் ஆறியே இருக்கும். மேலே ஆடை படிந்த கோப்பைகளை நான் நாளுக்கு மூன்று நான்கு கழுவியிருக்கிறேன். மதியச் சாப்பாடு பாதி கடித்தபடி காகிதத்தில் கிடக்கும்.

ஒருமுறை தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தது. கட்டடம் முழுக்க வெளியே வந்து மழையில் நின்றது. அவர் மட்டும் இல்லை. மஞ்சள் சட்டை போட்ட பொறுப்பாளர் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு கத்தினார். ஒன்பது நிமிடம் கழித்து டொக்டர் பென்சிலைக் காதில் செருகியபடி ஆறுதலாக நடந்து வந்தார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

"அவங்க சொல்றது சரிதான், அண்ணே."

"அப்ப அடுத்தமுறை மணி அடிச்சவுடனை வருவியளோ?"

"அடுத்த தடவை மணி அடிக்கிறப்ப ஆடு என்ன செய்யுதுன்னு பாப்போம்."

பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பிடிவாதத்தால் ஒரு நன்மையும் நடந்தது. ஒரு குளிர்காலத்தில், தசைக்கோடு சும்மா இருக்கும்போதே காலையில் இரத்த ஓட்டம் திடீரென்று இறங்கியது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நேரம். கருவி பழுது என்றார் ஒருவர். அந்த ஆட்டின் பதிவை விட்டுவிடலாம் என்றார் பேராசிரியர். டொக்டர் மூன்று நாள் காலையில் ஆடுகளின் அடைப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, உங்க வாளி."

நான் தகர வாளியைச் சீமெந்துத் தரையில் வைத்த சத்தம்தான். எனக்கு அது சத்தமே இல்லை. ஆட்டுக்கு அது பயம். பயத்தில் குழாய் சுருங்குகிறது. அன்று பின்னேரம் அவரே இரண்டு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தார். அடுத்த நாளிலிருந்து அந்தக் காலை இறக்கம் இல்லை. வேறு யாராவது என்றால் என்னைப் பற்றிப் பேராசிரியரிடம் சொல்லியிருப்பார்கள். அவர் தாளின் ஓரத்தில் "வாளி" என்று மட்டும் எழுதியிருந்தார். தமிழில் எழுதியிருந்தார், பேராசிரியர் வாசிக்க முடியாதபடி.

ஆடுகளுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. காதிலிருந்த இலக்கத்தைத்தான் சொல்வார். தனியாக விட்டால் செம்மறி கலங்கும் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆட்டைக் கட்டாயம் நிற்கவைப்பார். சில ஆடுகளைக் கடைசியில் கொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவர் வேறு ஆளை அனுப்பியதில்லை. தானே தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை நிற்பார். பிறகு கை கழுவிவிட்டு, அன்று யாரோடும் பேசமாட்டார்.

இப்படி ஒருவரை மதிக்கலாம். பயப்படவும் செய்யலாம். எனக்கு இரண்டும் இருந்தது. பயம் வந்தது ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு.

எண்பத்தாறோ எண்பத்தேழோ. காலை பதினொரு மணி இருக்கும். பதிவறைக்கு வெளியே நடையில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன். தூரத்து இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல் தமிழில் பேசியது.

"ஈப்போலருந்து பேசுறேன். அக்காவைக் கூப்பிடுங்க. அம்மா பேசணுங்குறாங்க."

குரல் நடுங்கியது. நான் உள்ளே போனேன். பேனா கிறுக்கிக்கொண்டிருந்தது.

"டொக்டர், மலேசியாவிலையிருந்து. அம்மா கதைக்க வேணுமாம்."

கை எழுந்தது.

"முடியட்டும்."

நான் திரும்பிப் போய், "கொஞ்சம் நில்லுங்கோ, வாறா" என்றேன். அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அவர் வந்து வாங்கியபோது வெறும் இரைச்சல்தான். திரும்பத் திரும்ப எண்ணைச் சுழற்றினார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தம்பி கிடைத்தார். அதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அவர் ஈப்போவுக்குப் போய்ப் பத்து நாளில் திரும்பி வந்தார். வந்த அன்றே அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணே, அன்னிக்கு அம்மா குரல் கேட்டீங்களா?"

"இல்லை, டொக்டர். தம்பிதான் கதைச்சவர்."

"அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல நினைத்தேன். அவருக்கு முன்னால் ஏலவில்லை.

"நடுங்கினது."

"அதை நீங்க என்கிட்டே சொல்லலை."

"சொல்லேல்லை."

பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் நேரம் குறித்தார்.

"நானும் கேக்கலை," என்றார்.

அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. ஆனால் பேனா கிறுக்கத் தொடங்கும்போது அவர் கை முன்போலவேதான் எழுந்தது, "முடியட்டும்" என்றார். பெற்ற தாயின் கடைசிச் சொல்லை இழந்த பிறகும் இந்தப் பெண் மாறவில்லையே என்று எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "மாறினால் அம்மா வருவாவே?" என்றாள் அவள்.

என் மனைவி எனக்குப் பின்னால் இரண்டு வருடம் கழித்துத்தான் லண்டனுக்கு வந்தாள். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். எங்கள் முதல் பிள்ளை ஊரில் ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. முப்பத்தாறு வயதில் அவள் மறுபடி பிள்ளை சுமந்தபோது நான் சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் அவளுக்கு இடைக்கிடை வயிறு கல்லுப்போல இறுகத் தொடங்கியது. மருத்துவத் தாதி அது வழக்கம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தாதி கீழ்க்கோடு சரிவதைப் பார்த்தவர் இல்லை. நான் பார்த்தவன். அவள் வயிறு இறுகும்போதெல்லாம் என் கண்ணுக்குள் பேனா சரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறிக்கத் தொடங்கினேன். மாடிப்படி இறங்காதே என்றேன். சத்தமாகக் கதவைச் சாத்தாதே என்றேன். ரேடியோவை நிறுத்தினேன்.

"நான் என்ன உங்கட செம்மறியோ?" என்று கேட்டாள்.

கடைசியில் டொக்டரிடமே போனேன். அவர் முகம் சுருங்கியது.

"எனக்குத் தெரியாது, அண்ணே. நான் ஆடுதான் பாத்திருக்கேன். உங்க மனைவி ஆடு இல்ல."

"இறுகேக்கை பிள்ளைக்கு இரத்தம் குறையுமோ எண்டுதான் கேக்கிறன்."

"குறையலாம். ஆரோக்கியமா இருந்தா தாங்கும், திரும்பும். உங்க வீட்டுல எப்படின்னு நான் எப்படிச் சொல்றது? தெரியாததைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு வராது."

எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மணி அடித்தது. கீழே, அதே மண்ணிறக் கம்பளிச் சட்டையோடு, கையில் ஒரு பை தோடம்பழத்தோடு டொக்டர் நின்றார்.

மனைவிக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை, சாப்பாட்டுக்கதை பேசினார். அவருடைய மலேசியத் தமிழும் அவளுடைய யாழ்ப்பாணத் தமிழும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. பேச்சின் நடுவே மனைவி சட்டென்று நிறுத்தி வயிற்றில் கை வைத்தாள்.

"நான் தொடலாமா?" என்று கேட்டார் டொக்டர்.

"தொடுங்கோ."

அவர் உள்ளங்கையை வைத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்குள் வயிறு தளர்ந்தது. உடனே உள்ளே பிள்ளை உதைத்தது. அவர் கையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"இறுகி முடிஞ்சதும் எப்பவும் இப்படித் துள்ளுமா?"

"ஓம். நல்லாத் துடிப்பான்."

"இது எனக்கு எந்த ஆடும் சொல்லலை," என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "இந்தத் துடிப்பை நீங்கதான் கவனிக்கணும். அண்ணன் எழுதுற நோட்டு வேணாம். அசைவு குறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னா எதுக்கும் காத்திருக்காதீங்க. அண்ணனுக்காகக்கூட."

ஒன்றரை மாதம் போனது. நான் கொஞ்சம் ஆறியிருந்தேன். ஆட்டறையில் அந்தப் பருவத்தின் கடைசிச் செம்மறி நின்றது. மற்றவை எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் பயன்படாமல் போயிருந்தன. ஒன்றில் கம்பி அறுந்தது, ஒன்று குறைமாதத்தில் ஈன்றது. இந்த ஒன்றில் எல்லாக் கோடும் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. மெதுவான நீண்ட இறுக்கங்கள் மாறி, பிரசவத்தின் குறுகிய வேகமான இறுக்கங்கள் தொடங்கும் அந்த மணிநேரங்களைத்தான் அவர் மூன்று வருடமாகப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அன்று காலை அது தொடங்கியிருந்தது. ஆடு காலால் வைக்கோலைப் பிறாண்டியது, படுத்தது, எழும்பியது. அவர் தாளோடு முகத்தை ஒட்டினாற்போல் இருந்தார்.

தொலைபேசி அடித்தது. மனைவி.

"விடியத்தொடக்கம் பிள்ளை அசையேல்லை. வயிறு மட்டும் இறுகி இறுகி விடுது."

நான் பதிவறை வாசலுக்குப் போனேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. பேனா கிறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பஸ் பிடித்துப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன்.

"டொக்டர், நான் போறன். வீட்டிலை பிள்ளை அசையேல்லையாம்."

கை எழவில்லை. ஸ்டூல் கீழே விழுந்தது. அவர் அதைத் தாண்டி எனக்கு முன்னால் நடையில் ஓடிக்கொண்டிருந்தார். ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

அவரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. மனைவியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் பேசிய ஒரே பேச்சு, முன்னால் போன பால்வண்டியைப் பார்த்துத் திட்டியதுதான். மலாய் மொழியில் திட்டினார்.

உள்ளே மனைவியின் வயிற்றில் இரண்டு பட்டிகளைக் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி தாளைத் துப்பத் தொடங்கியது. அதிலும் இரண்டு கோடு. ஒன்று வயிற்றின் இறுக்கம், மற்றது பிள்ளையின் இதயத் துடிப்பு. தாதி தாளைப் பார்த்தபடி நின்றார். ஒரு இறுக்கம் வந்து போனது. அது தளர்ந்த பிறகு மற்றக் கோடு இறங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இறங்குவது தெரியும்.

டொக்டர் கதவுப் பக்கம், தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

"டொக்டர், ஒருக்காப் பாருங்கோவன்."

"மாட்டேன்."

"உங்களுக்கு விளங்குமெல்லே. வந்து பாருங்கோ."

அவர் திரும்பவில்லை. குரல் மிகத் தணிந்து வந்தது.

"நான் பாத்தா, ஏறட்டும், முடியட்டும்னு சொல்லிருவேன், அண்ணே. என் வாய் அப்படித்தான் பழகியிருக்கு. அவங்க பாக்கட்டும். அவங்க முடிவெடுக்கட்டும்."

தாதி அடுத்த இறுக்கம் முடியும்வரை நிற்கவில்லை. மணியை அழுத்தினார். இளம் மருத்துவர் ஒருவர் வந்தார், தாளை ஒரு கணம் பார்த்தார், மனைவியிடம் இரண்டு வாக்கியம் பேசினார். கட்டிலை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து, "கடவுளைக் கும்பிடுங்கோ" என்றாள்.

நடையில் இரண்டு நாற்காலி. உட்கார்ந்தோம். அங்கே பார்ப்பதற்கு எந்தக் கோடும் இல்லை. அவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், கம்பளிச் சட்டையின் கைக்குள் இழுத்துக்கொண்டார், மறுபடி வெளியே எடுத்தார். ஆட்டை நினைவுபடுத்தினேன். "ஈனட்டும்," என்றார். அது அப்போதே ஈன்றிருந்தது என்பதையும், தாள் முடிந்துபோய்க் கடைசி மணிநேரம் எதுவும் பதிவாகவில்லை என்பதையும் பின்னர்தான் அறிந்தோம். இரட்டைக் குட்டி, இரண்டும் எழுந்து நின்று பால் குடித்தன. செம்மறிக்குச் சினை வருடத்துக்கு ஒருமுறைதான். அவர் அடுத்த பருவத்துக்கு ஒரு வருடம் காத்திருந்து, வேறொரு ஆட்டில் அதைப் பிடித்தார். பேராசிரியர் கேட்டபோது காரணத்தை உள்ளபடி சொன்னார். தொண்ணூற்றுமூன்றில் ஆராய்ச்சிப் பணம் நின்று, அவர் ஈப்போவுக்கே திரும்பிப் போனார். சில வருடம் கடிதம் வந்தது.

அன்று அதெல்லாம் தெரியாது. முக்கால் மணித்தியாலத்தில் தாதி வந்தார். பெண் பிள்ளை. சின்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் சில கிழமை இருக்க வேண்டிவரும். தாய்க்கு ஒன்றுமில்லை.

"அழுதுச்சா?" என்று டொக்டர் தமிழிலேயே தாதியைக் கேட்டார். தாதிக்கு விளங்கவில்லை. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். நன்றாக அழுதது என்றார் தாதி.

டொக்டர் எழுந்து கழிவறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வந்தபோது முகம் கழுவியிருந்தார். கம்பளிச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது.

"நான் கிளம்புறேன், அண்ணே. நீங்க உள்ள போங்க."

அவரை வழியனுப்பக் கீழே வந்தேன். வாசலில் ஒரு சின்னக் கூட்டம். அவருடைய கார் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி, அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் குறுக்கே கிடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. இருக்கையில் அவருடைய கைப்பை வாயைப் பிளந்தபடி கிடந்தது. வயதான காவலாளி ஒருவர் சாவியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுப் போன பைத்தியம் யார் என்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டொக்டர் பள்ளிப்பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்தார்.